பதிவுப் புத்தகத்தின் வெற்றுக் கோடுகள்



தேயிலைக்கும் கணினிக்கும் ஓர் உறவு உண்டு. தேயிலை நாட்டில் வாழும் நம்மிற் பலர் அதனை அறிந்திலர். அலுவலகக் கணக்கு வேலையை ஒழுங்காகச் செய்து காட்டிய முதற் கணினியை ஆக்குவித்தது ஒரு பொறியியற் கம்பெனியன்று. தேநீர்க் கடைகள் நடத்திய ஒரு கம்பெனியே அதனைச் செய்தது. இலண்டனில் 1894ஆம் ஆண்டு தன் முதலாவது தேநீர்ச்சாலையைத் திறந்த லயன்ஸ் கம்பெனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கணினி அமைக்க முயன்றபோது 3,000 பவுண் உதவியது. அவர்கள் 1949இல் இயக்கிய பொறியை மாதிரியாகக் கொண்டு தனக்கென ஒரு கணினியை அமைத்து, அதற்கு லியோ எனப் பெயரிட்டது. 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அப்பொறி கம்பெனியின் வெதுப்பகக் கணக்குகளை வாரந்தோறும் செய்து வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டியது பொறியின் வேகமன்று. ஒவ்வொரு தேநீர்ச்சாலையின் பொறுப்பாளரும் தமக்கு வேண்டிய பண்டங்களை நாள்தோறும் தலைமை நிலையத்துக்கு அறிவிக்கவேண்டியிருந்தது. இவ்வேலையை லியோவிடம் ஒப்படைக்கும் முன், கம்பெனியின் ஆய்வாளர்கள் அதனைக் கூர்ந்து நோக்கினர். திங்கட்கிழமைக்கு வேண்டியது பெரும்பாலும் எல்லாத் திங்கட்கிழமைகளிலும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே கிழமைக்கு ஒரு நிலையான பட்டியலை வகுத்துக்கொண்டு, மாற்றம் உண்டானால் அதனை மட்டும் தொலைபேசியிற் சொன்னாற் போதுமென்றனர். பட்டியல் முழுவதையும் சொல்லும் வேலை ஒழிந்தது. அதனை ஒழித்தது பொறியன்று. பொறிக்கு முன்னே நடந்த ஆய்வு.

அந்த ஆய்வைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் நம் பிள்ளைகள், ஒரு நிறுவனத்தின் வேலைமுறையை ஆராய்ந்து மென்பொருளுக்குரிய தேவைகளை வரையறுக்கப் பழகுகின்றார்கள். அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உள்ள சிறு நிறுவனங்கள் அவர்களுடைய ஆய்வுக்கு ஏற்றவை. அவ்வாய்வு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக, மலைநாட்டு நகரொன்றில் மாலை வேளைகளில் நடைபெறும் தனியார் வைத்திய நிலையம் ஒன்றைக் கொள்வோம். நாம் சனல் நிலையம் என்கின்றோமே, அத்தகையது. இது எந்தவொரு நிலையத்தையும் சுட்டுவதன்று. வைத்தியர் ஒருவர், தொலைபேசியை எடுத்துப் பதிவு எழுதும் பெண் ஒருவர், கோடிட்ட புத்தகம் ஒன்று, சுவரோரம் ஒரு வாங்கு. வைத்தியர் வருவது மாலை நான்கு மணிக்கு. நாளொன்றுக்கு முப்பது இலக்கங்கள்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். முப்பது பேரையும் நான்கு மணிக்கே வரச்சொல்லி, ஒருவருக்கு ஆறு நிமிடம் செல்வதாக வைத்துக்கொண்டால், இரண்டாமவர் ஆறு நிமிடமும் மூன்றாமவர் பன்னிரண்டு நிமிடமும் காத்திருப்பர். முப்பதாமவர் காத்திருப்பது 174 நிமிடம். எல்லாரும் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 2,610 நிமிடம் வரும். அதாவது 43 மணித்தியாலமும் 30 நிமிடமும். வைத்தியர் பணி செய்த நேரமோ மூன்றே மணித்தியாலம்.

இக்கேட்டை நீக்கும் வழியை 1952ஆம் ஆண்டில் நோர்மன் பெய்லி என்னும் ஆங்கிலப் புள்ளியியலறிஞர் ஆராய்ந்தார். மருத்துவமனைகளின் வெளிநோயாளர் வரிசைகளை ஆய்ந்த அவர், தொடக்கத்தில் இருவரை வரவழைத்துவிட்டு, ஏனையோரை ஒருவரைப் பார்க்கும் சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச்சொல்லலாம் என்றார். நம் எடுத்துக்காட்டில் முதலிருவருக்கு நான்கு மணி, மூன்றாமவருக்கு நான்கு மணி ஆறு நிமிடம், நான்காமவருக்கு நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொருவருக்கும் சரியாக ஆறு நிமிடமே செல்லுமாயின், முதல்வர் ஒழிந்த எவரும் ஆறு நிமிடத்துக்கு மேற் காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையில் ஒருவருக்கு மூன்று நிமிடமும் மற்றொருவருக்குப் பதினைந்து நிமிடமும் செல்லும். ஆயினும் 43 மணித்தியாலம் பெரிதும் குறைந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

இந்நேரத்தின் விலை எல்லார்க்கும் ஒன்றன்று. தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண் காலையிற் பிரட்டுக்கு நின்றவர். மாலைக் கொழுந்து நிறுக்கும் வரை மலையில் நிற்க வேண்டியவர். நான்கு மணிக்கு நகரிலிருக்க வேண்டுமாயின் அவர் இடைநடுவிற் புறப்பட வேண்டும். குறித்த நிறை பறிபடாவிட்டால் செக்ரோலில் விழுவது அரைப்பேர். அத்துடன் கடைசி பஸ்ஸையும் தவறவிட்டால் முச்சக்கர வண்டிக்குக் கொடுப்பது மீதி அரைப்பேரையும் விழுங்கிவிடும். ஆகவே சனல் நிலையத்து வாங்கில் அமர்ந்திருக்கும் நேரம் சிலருக்கு வெறும் சலிப்பு. சிலருக்கு ஒரு நாட் கூலி.

இனி ஆய்வுக்கு வருவோம். மாணவர் ஒருவர் அந்நிலையத்துக்குச் சென்று, இலக்கம் எவ்வாறு வழங்கப்படுகின்றது என்று உரிமையாளரை வினவினால், முதலிற் கேட்டவருக்கு முதல் இலக்கம் என்னும் விடையே கிடைக்கும். அதனை அப்படியே எழுதிக்கொண்டு மென்பொருள் செய்துவிடலாம். அது பிழையின்றி இயங்கவுஞ் செய்யும். ஆனால் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பார்த்தவர் வேறொன்றைக் காண்பார். காலையில் தொலைபேசி அழைப்புகள் வரும்போது அப்பெண் இலக்கங்களைத் தொடர்ச்சியாக நிரப்புவதில்லை. இடையிடையே சில கோடுகள் வெறுமையாய் விடப்பட்டிருக்கும். சில பெயர்களுக்கு அருகிற் சிறு புள்ளி ஒன்று இடப்பட்டிருக்கும்.

வெற்றுக் கோடுகள் யாருக்கு? தொலைபேசியிற் சொல்ல இயலாமல், தூரத்து டிவிஷனிலிருந்து நேரே பஸ்ஸில் வந்திறங்குவோருக்கு. புள்ளி எதற்கு? அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் என்பதற்கு. இவ்விதியை எவரும் எழுதிவைக்கவில்லை. உரிமையாளர் அறியாதிருக்கலாம், அறிந்திருந்தும் சொல்லத் தோன்றாதிருக்கலாம். கேட்டறிந்த விதியைக் கொண்டு மட்டும் மென்பொருள் செய்தால் அவ்வெற்றுக் கோடுகள் மறைந்துபோம். திறன்பேசி உடையவர் காலை ஏழு மணிக்கே முப்பது இலக்கங்களையும் எடுத்துக்கொள்வர். மலையிலிருந்து இறங்கி வந்த மூதாட்டிக்கு, இன்று இடமில்லை என்று பொறி சொல்லும். அப்பெண் சொல்லியிருந்தால் வாதாடலாம். பொறியிடம் வாதாட முடியாது.

ஆதலின் வேலைமுறையை ஆராய்பவர் கேட்பதோடு அமையாது பார்க்கவும் வேண்டும். ஒரு நாள் பார்த்தல் போதாது. சம்பள நாளுக்கு மறுநாள், போயாவுக்கு அடுத்த நாள், பெருமழை நாள், டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைக்குச் செல்வோரால் அட்டன் நகர் நிறையும் பருவம் ஆகிய எல்லாவற்றிலும் பார்த்தல் வேண்டும். வைத்தியர் பிந்தி வந்தால் என்ன நடக்கின்றது, இலக்கம் பெற்றவர் வராவிட்டால் அவ்விடம் யாருக்குப் போகின்றது, காய்ச்சலாற் துவண்ட குழந்தை வந்தால் வரிசை எவ்வாறு விலகுகின்றது, மின்சாரம் நின்றால் என் செய்கின்றார்கள் என்பனவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒழுங்கு குலையும் இடங்களிலேதான் உண்மையான ஒழுங்கு வெளிப்படும்.

பார்த்தவற்றைத் தேவைகளாக எழுதுவது அடுத்த படி. மென்பொருள் விரைவாக இருக்க வேண்டும், இலகுவாக இருக்க வேண்டும் என்றெழுதுவது விருப்பமேயன்றித் தேவையன்று. சரிபார்க்க முடிந்ததே தேவை. ஒரு பதிவை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க இயலவேண்டும் என்று எழுதினால், கடிகாரத்தை வைத்து ஆம் அல்லது இல்லை எனக் கூறலாம். எங்கள் நிலையத்துக்கு இவ்வாறு சில தேவைகளை எழுதிப் பார்ப்போம்.

முதலாவது, ஓர் இலக்கம் ஒருவருக்கே உரியதாதல் வேண்டும். இதனை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் றொசல்ல நிலையத்தின் வழியே செல்வது ஒற்றைத் தண்டவாளப் பாதை. 1884ஆம் ஆண்டில் அட்டன் வரை நீட்டப்பட்டது. அத்தகைய பாதையில் இரண்டு புகையிரதங்கள் எதிரெதிரே வந்துவிடாமற் காப்பது டப்லட் முறை. இரு நிலையங்களுக்கிடையே ஒரு வேளையில் ஒரு டப்லட்தான் கருவியிலிருந்து வெளிவரும். அது மீண்டும் ஒரு முனையிற் கருவியுட் சேரும் வரை வேறொன்றை எடுக்க முடியாது. அது கையில் இல்லாமற் சாரதி அப்பகுதியுட் புகலாகாது. தொலைபேசியில் ஒருவரும் வாசலில் ஒருவரும் ஒரே நொடியிற் பதினான்காம் இலக்கத்தைக் கேட்டாலும், மென்பொருள் ஒருவருக்கே அதனை ஈதல் வேண்டும்.

இரண்டாவது, நாள்தோறும் உரிமையாளர் தீர்மானிக்கும் ஒரு தொகை இலக்கங்கள் நேரில் வருவோருக்கென ஒதுக்கப்படல் வேண்டும். குறித்த நேரத்துக்குள் அவை நிரம்பாவிடின் ஏனையோருக்குத் திறந்துவிடலாம். வெற்றுக் கோடு இங்கே எழுத்துவடிவம் பெறுகின்றது. மூன்றாவது, கடைசி பஸ்ஸின் நேரத்தைக் குறிக்க ஓரிடம் வேண்டும்.

நான்காவது, பெயரும் முகவரியும் பற்றியது. அயல்நாட்டு மாதிரிகளைப் பார்த்துச் செய்யும் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர், வீதி, வீட்டிலக்கம் என்று கேட்கும். நம்மவரிற் பலருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. லயத்து வீட்டுக்கு வீதியில்லை. தோட்டமும் டிவிஷனும் லய இலக்கமுமே உண்டு. அவற்றை நிரப்ப இடமில்லாத படிவம் நம்மைப் பதியாது. தொலைபேசி இலக்கத்தை ஆளின் அடையாளமாகக் கொள்வதும் தவறு. ஒரு வீட்டில் நால்வருக்கு ஒரு கைத்தொலைபேசி இருத்தல் இயல்பு.

இவையெல்லாம் மென்பொருள் செய்யவேண்டியவற்றைக் கூறும் தொழிற்பாட்டுத் தேவைகள். எவ்வாறு செய்யவேண்டும் என்பதைக் கூறுவன தொழிற்பாடு சாராத் தேவைகள். குறுஞ்செய்தி தமிழிலும் சிங்களத்திலும் செல்லல் வேண்டும். மலைமறைவில் அலைவரிசை கிடைக்காத வீட்டாருக்குச் செய்தி சேராவிடினும் இலக்கம் பறிபோகலாகாது. மின்சாரம் நின்றாலும் அன்றைய பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். நண்பகலில் ஒரு படி தாளில் அச்சிட்டு வைத்தலே போதும். நோயின் பெயர் பதிவுக்கு வேண்டியதன்று. வேண்டாததைக் கேளாமை நன்று. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க நம் நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

எழுதி முடித்த பின் ஒரு கடமை எஞ்சியுளது. அத்தாள்களை வைத்தியருக்கு மட்டுமன்றி, பதிவெழுதும் பெண்ணுக்கும் வாங்கில் அமர்ந்திருப்போர் சிலருக்கும் அவரவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வந்து, அப்படியல்ல பிள்ளை, என்று ஓரிடத்தில் நிறுத்துவாராயின், அன்றுதான் ஆய்வு பயன் தந்தது. தாளில் ஒரு வரியைத் திருத்துவதற்கு ஒரு பேனா போதும். இயங்கத் தொடங்கிய மென்பொருளைத் திருத்துவதற்குப் பணமும் நாளும் வேண்டும். அதற்கிடையில் எத்தனை பேர் இலக்கம் கிடைக்காமற் திரும்பிப் போயிருப்பர் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது.

கணினி வேண்டாம் என்பது என் கருத்தன்று. 2,610 நிமிடத்தைக் குறைக்க வல்ல கருவியை வேண்டாமென்போர் காத்திருந்தறியாதவர். ஆனால் பொறி தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே செய்யும். அந்தப் பெண் பல ஆண்டுகளாகத் தன் உள்ளத்தில் வைத்து நடத்தி வந்த நீதியை, எவரேனும் கண்டு எழுதிக் கொடுத்தாலன்றிப் பொறி அறியாது. அதனைக் கண்டு எழுதும் பயிற்சியை நம் பிள்ளைகளுக்கு அளிப்போமாக. லயத்து வாழ்வை அறிந்த பிள்ளைக்கு அவ்வெற்றுக் கோட்டின் பொருள் பிறரினும் விரைவில் விளங்கும். அவர்கள் இத்துறைக்குக் கொண்டு செல்லக்கூடிய தனிச்செல்வம் அதுவே.