சூரிய மின்சாரமும் போகோபபோக பரிமாணமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஜினாலயத்தின் மேல்தளத்தில் சூரிய மின்தகடுகள் பொருத்தலாமா என்னும் வினா பொதுக்குழுவின் முன் உள்ளது. இரு வேறு கருத்துகள் எழுந்திருக்கின்றன. மின்சாரம் எவ்வழி வந்தாலும் தீயின் கூறே, அறநிலையத்தில் அதனைப் பெருக்குதல் தகாது என்கின்றனர் மூத்தோர் சிலர். பத்துக் கிலோவாட் அளவில் பெரிதாகவே அமைத்து, மானஸ்தம்பமும் விமானமும் இரவெல்லாம் ஒளிரச் செய்யலாம், செலவுதான் இல்லையே என்கின்றனர் இளைஞர் சிலர். இதே வினா நம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வந்துவிட்டமையால் சற்று விரிவாகவே பேச விழைகிறேன்.

மூத்தோர் கூறுவதை எளிதில் தள்ளிவிட இயலாது. தகடு என்பது வானிலிருந்து இறங்கிய பொருளன்று. குவார்ட்சுக் கல்லைத் தோண்டி, கரியோடு சேர்த்துப் பெருந்தீயில் உருக்கிச் சிலிக்கான் எடுக்கின்றனர். அலுமினியச் சட்டம், கண்ணாடி, செம்புக் கம்பி ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் சுரங்கமும் உலையும் உள்ளன. ஆனால், இப்போது நம் வீட்டு விளக்கு எதனால் எரிகிறது? நெய்வேலியில் மண்ணை அகழ்ந்து எடுக்கும் பழுப்பு நிலக்கரியாலும், வெளிமாநிலங்களிலிருந்து வரும் நிலக்கரியாலும் பெரும்பகுதி எரிகிறது. அந்தத் தீ நாள்தோறும் எரிந்தாக வேண்டும். தகடு செய்ய மூட்டிய தீயோ ஒருமுறை மூட்டியது. அதற்கான ஆற்றலைத் தகடு சில ஆண்டுகளிலேயே ஈட்டித் தந்துவிட்டு, இருபத்தைந்து ஆண்டுகள் வரை உழைக்கிறது. சங்கற்ப இம்சையை முற்றிலும் நீக்கி, ஆரம்ப இம்சையையும் உத்தியோக இம்சையையும் இயன்ற அளவு குறைத்தல் இல்லறத்தார்க்குரிய நெறி. அந்நெறிப்படி, தகடு குறைந்த தீங்குடையது என்பதே என் துணிபு.

இளைஞர்க்குரிய விடை அருங்கலச்செப்பு பேசும் இல்லறத்தார் விரதங்களில் உள்ளது. போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதம், நுகர்பொருளுக்கு நாமே எல்லை வகுத்துக்கொள்வது. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை வளர்த்தல் ஆகியன அநர்த்த தண்டத்தின்பாற்படும். கட்டணம் இல்லை என்பதால் பயனில் செயல் பயனுடைய செயலாகிவிடாது. புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின் நம் தெருவிளக்கைச் சூழும் ஈசல்களை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஒளிரும் விமானத்தின் அடியில் விடியற்காலையில் எதனைப் பெருக்கி அள்ளுவோம்?

எனவே முதலில் அளவு. தகடு அதன் பின்னரே. நடைமுறையில் இதைச் செய்வது எளிது. ஓராண்டின் ஆறு மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து, இரு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். ஒரு கிலோவாட் தகடு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் கேட்கும். நம் பகுதியில் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். ஆக, மூன்று கிலோவாட் என்பது இரு மாதத்துக்கு எழுநூறு யூனிட் அளவு. வீடுகளில் முதல் நூறு யூனிட் நம் மாநிலத்தில் இலவசம் என்பதை அறிவீர்கள். இருநூறு யூனிட்டுக்குள் வாழும் சிறு குடும்பத்துக்குக் கட்டணம் சில நூறு ரூபாயே. அவர்கள் விளம்பரம் கண்டு மூன்று கிலோவாட்டுக்குக் கடன் வாங்குதல் வேண்டாதது. ஒரு கிலோவாட் போதும், அல்லது காத்திருக்கலாம். மாறாக, ஐந்நூறு யூனிட்டைக் கடக்கும் கூட்டுக் குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றோ அதற்கு மேலோ எனில் 78,000 ரூபாயும் மானியம் வழங்கப்படுகிறது. இது குடியிருப்புகளுக்கு உரியது. கடைக்கும் அரிசி ஆலைக்கும் ஜினாலயத்துக்கும் கிடைக்காது.

ஆயினும் கடைக்காரர்க்கு வேறொரு நன்மை உண்டு. வணிக இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது, கட்டணமும் மிகுதி. கடையோ பகலில் இயங்குவது. ஆரணிப் பக்கத்து நெல் அரைவை ஆலைகளின் தகரக் கூரைகள் எத்துணை அகலமானவை! வெயில் காயும்போதே இயந்திரமும் ஓடும். கமுதியில் 2016 இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்துக்கு ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. ஏற்கெனவே எழுந்துவிட்ட கூரையின் மீது அமைப்பதால் புதிதாக ஒரு புற்றையும் புதரையும் அழிக்க வேண்டியதில்லை.

இனி, மின்கலம். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, மின்தடை நேர்ந்த உடனே தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில் மின்சாரம் போனால் தகடு இருந்தும் விசிறி சுழலாது. பலர் இதனைப் பழுதென்று எண்ணிச் சினம் கொள்கின்றனர். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி, மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறார். அப்போது நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் ஓர் ஐயறிவுயிர் அங்கேயே போகும். அதனைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. அதைத் தந்திரமாக மாற்றித் தருவதாகக் கூறும் பணியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தடைக்காலத்திலும் மின்சாரம் வேண்டுமெனில் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் மின்கலமும் முறையாக அமைத்தல் வேண்டும்.

எவ்வளவு மின்கலம்? இங்கேதான் நம் முன்னோர் வழக்கம் நமக்குப் பொருட்செல்வமாகவும் அமைகிறது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லத்தில் அரைத்தலும், சமைத்தலும், நீர் ஏற்றுதலும் கதிரவன் இருக்கும்போதே நிகழ்கின்றன. தகடு தரும் நேரமும் நாம் கொள்ளும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. இரவில் எஞ்சுவது என்ன? முப்பது வாட் அளவில் சுழலும் பி.எல்.டி.சி. விசிறிகள் மூன்று, எட்டு மணி நேரம், எல்.இ.டி. விளக்கு நான்கு, சில மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஒரு யூனிட்டைத் தாண்டாது. இரண்டு யூனிட் மின்கலம் அவ்வில்லத்துக்குத் தாராளம். இரவு பத்து மணிக்கு அடுப்பு மூட்டி, மூன்று அறைகளில் ஏ.சி. ஓட்டும் வீட்டுக்குப் பத்து யூனிட் மின்கலமும் போதாது. (இராவுணவு நீத்தலைப் பழமை என்று நகைக்கும் பேரப்பிள்ளைகளிடம் இக்கணக்கைக் காட்டலாம்.)

ஈய அமில மின்கலம் நான்கைந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். அதனைத் தெருவில் பழைய இரும்பு வாங்குவோரிடம் போட்டால், எங்கோ ஒரு கொல்லையில் ஈயத்தை உருக்கி மண்ணையும் நீரையும் நஞ்சாக்குவர். 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தியுள்ளன, விற்றவரிடமே ஒப்படையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் விலை கூடியதாயினும் நெடுநாள் உழைக்கும். கோபால்ட்டும் நிக்கலும் அதில் இல்லை.

மின் ஊர்திகள் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஸ்கூட்டருக்கு மூன்று யூனிட் அளவே வேண்டும், வீட்டிலுள்ள சாக்கெட்டே போதும். காருக்குப் பதினாறு ஆம்பியர் சாக்கெட்டில் இரவு முழுதும் ஆகும். ஏழு கிலோவாட் சார்ஜர் பொருத்துவோர் மின்வாரியத்தில் மின்பளுவை உயர்த்தி, தனி எர்த்தும் கசிவு மின் தடுப்பானும் வைத்தாக வேண்டும். இரவில் ஏற்றும் மின்சாரம், கணக்கில் நம் தகட்டுடையதாகத் தோன்றினாலும், எரிவது நிலக்கரியே. ஆகவே கடை வாசலில் பகலெல்லாம் நிற்கும் வண்டிக்குக் கடையிலேயே சார்ஜர் அமைப்பது மேல்.

தகட்டின் அடியில் புறா கூடு கட்டும். பொருத்தும்போதே சுற்றிலும் வலை அடித்துவிட்டால், பின்னர் முட்டையோடு கூட்டைக் கலைக்கும் நிலை வாராது. முன்பே பொருத்தியவர்கள் குஞ்சுகள் பறந்த பின்னரே வலை கட்டுக. தூசு துடைக்க, வடிகட்டிய நீரும் மெல்லிய துணியும் அதிகாலையில் போதும்; எறும்புக்கு மருந்து தெளிக்கச் சொல்பவர் பேச்சைக் கேளாதீர்கள்.

ஜினாலயத்துக்கு வருகிறேன். ஆழ்குழாய் மோட்டார், விசிறிகள், அன்னதானக் கூடம் ஆகிய மூன்றும் பகலில் இயங்குவன. மூன்று கிலோவாட்டும் சிறு மின்கலமும் அமைத்தால் இவற்றுக்குப் போதுமென்றே கருதுகிறேன். விழா நாள்களில் வாடகைக்கு எடுக்கும் டீசல் ஜெனரேட்டரையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். இரவு அலங்கார விளக்குகளை விழா நாளில் மட்டும், ஒன்பது மணி வரை என வரையறுக்கலாம். இவ்விரண்டையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன். தகட்டுக்கு மட்டும் இசைந்து வரையறையைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைப்பதானால், நான் மூத்தோர் பக்கமே வாக்களிப்பேன்.

அலுவலகத்தில் ஜினாலயத்தின் ஆறு கட்டணச் சீட்டுகளும் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.