ஆராய்ச்சியில் நமக்கும் பங்கு உண்டு
(பெங்களூரு அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன்.

நம் ஊர் பல்லாரி ரோடில் தேசிய காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1959-ல் ஏற்பட்டது. அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் ஜில்லா கிராமங்களில் காசநோயாளிகளைத் தேடிப்போய்ப் பேசினார்கள். கிராமத்து ஜனங்களுக்கு வியாதியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அந்நாளைய எண்ணம். கிடைத்த பதிலோ வேறு. பெரும்பாலோர் தங்கள் உபாதையை உணர்ந்திருந்தார்கள்; ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய், இருமல் மருந்து பாட்டிலோடு திரும்பியிருந்தார்கள்! குறை ஜனங்களிடம் இல்லை. சாதாரண ஆஸ்பத்திரியிலேயே கபப் பரிசோதனையும் மருந்தும் என்று 1962-ல் தேசியத் திட்டம் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேட்டதால் கிடைத்த பலன் அது.

என் அனுபவம் ஒன்று. ஓய்வுக்குப் பின் ஓர் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் படிக்காத அங்கத்தினராக இருந்தேன். விதிப்படி அப்படி ஒருவர் அவசியம். ஒரு மருந்து ஆராய்ச்சியின் சம்மதப் பத்திரம் பதினோரு பக்கம், கோர்ட்டுக் கன்னடம். முழுக்கப் படிக்காமலே தலையாட்டினேன். பிறகு பார்வையிடப் போனபோது, கையெழுத்துப் போட்டிருந்த ஓர் அம்மாளை விசாரித்தேன். "போடாவிட்டால் வைத்தியம் நின்றுவிடுமே, ஸ்வாமி" என்றார். அது உண்மையல்ல என்று பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது! அடுத்த கூட்டத்தில் என் தவறை ஒப்புக்கொண்டு, அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் செய்தேன். அந்த அம்மாளின் பயந்த முகம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

இன்று இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் ஜில்லா ஸ்ரீநிவாசபுராவில் 45 வயது தாண்டிய கிராமத்தாரைப் பல வருஷங்கள் தொடர்ந்து பரிசோதித்து, முதுமையில் ஞாபகம் குறைவதன் காரணத்தைத் தேடுகிறது. நம்மில் பலருக்கும் உள்ள கவலைதானே இது!

ஆகவே, ஆராய்ச்சிக்கு அழைத்தால் ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக் கையெழுத்திடவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். எதற்காக இந்த ஆராய்ச்சி? கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு? நடுவில் விலகினாலும் என் வழக்கமான சிகிச்சை தொடரும் அல்லவா? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷ நெறிமுறைகள் இப்படிக் கேட்கும் உரிமையை நமக்குத் தருகின்றன.

கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதுவே நம் பங்கு.