கொழுந்தின் நிறையும் குழந்தையின் நிறையும்

மலையகத் தோட்டங்களிலே நாள்தோறும் கொழுந்து தராசில் ஏறுகிறது. கிலோ ஒன்று குறைந்தாலும் கேள்வி பிறக்கிறது. அக்கொழுந்தைப் பறிக்கும் தாயின் நிறையும், அவள் குழந்தையின் நிறையும் குறைந்தால் கேட்பார் யார்?

2016ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். தாய் மெலிந்திருந்தால் குழந்தையும் நிறை குறைந்து பிறக்கக்கூடும். ஆகவே இக்குறை கருவிலேயே தொடங்கிவிடுகிறது.

உடல் தேற வேண்டுமென்று பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கி விழுங்குவோர் உளர். அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் முகம் உப்பும், வலிமை வராது. ரொட்டியும் சாயமும் பசியை ஆற்றும். உடலை வளர்க்கப் போதா. பருப்பு, முட்டை, நெத்தலி, நிலக்கடலை ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன் சேர வேண்டும். சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும்; ஆதலின் உண்டு ஒரு மணி நேரம் கழித்தே அதனை அருந்துதல் நலம்.

கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் வழங்கப்படும் திரிபோஷாவை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்டால், உரியவருக்கு எஞ்சுவது சில கரண்டியே. காரணமின்றி நிறை குறைந்தால் மருத்துவரைக் காண வேண்டும். கொழுந்துக்கு நாள்தோறும் தராசு உண்டு. குழந்தைக்கு மாதம் ஒருமுறையேனும் வேண்டாமா?