கண்டிமாநகரில் ஐந்து நாட்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டுப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இலண்டனையும் பாரிசையும் எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில், ஓர் அருமை நண்பரோடு இலங்கையின் கண்டிமாநகரில் கழித்த ஐந்து நாட்களைப் பற்றியே நாம் பேசப்போகிறோம்.

நண்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். அவருடைய பாட்டனார் பேராக்கில் பால்மரம் சீவியவர். பாட்டனாரின் தமையனாரோ கண்டிச்சீமைக்குக் கப்பலேறியவர். அந்தப் பெரிய பாட்டனார் எழுதிய கடிதம் ஒன்று நண்பர் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்தது. அதில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர் இருந்தது. ஊர் பார்ப்பது எங்கள் பயணத்தின் பாதி நோக்கம். அந்தத் தோட்டத்தைத் தேடிக் காண்பது மறுபாதி.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் புகைவண்டி ஏறினோம். கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது 1867-ஆம் ஆண்டில். றம்புக்கணையைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். நண்பர் சன்னலை விட்டு அகலவில்லை. அவர் வாங்கிவைத்த கடலைவடை முழுவதையும் நாமே தின்று முடித்ததைக் கண்டிக்கு வந்த பிறகுதான் கண்டார்!

நகரின் நடுவே ஏரி. கரையில் தலதா மாளிகை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் இந்த ஏரியை வெட்டுவித்தான். அவன் யார் என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வழியினர். கண்ணுச்சாமி என்ற இயற்பெயருடைய இவனே அவர்களில் இறுதியானவன். 1815-ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். மார்ச்சு 2-ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி அரசு பறிபோயிற்று. வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832-இல் அங்கேயே மறைந்தான்.

அந்நாயக்க மன்னர்கள் சைவ வைணவ மரபில் வந்தவர்கள். ஆயினும் குடிகளின் சமயமாகிய பௌத்தத்தைப் போற்றிக் காத்தார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753-இல், சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, நின்றுபோயிருந்த துறவு மரபை மீண்டும் நிலைநாட்டினார்கள். மாளிகையின் எதிரே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் இருக்கின்றன. விஷ்ணு தேவாலயமும் கதிர்காமத் தேவாலயமும் நடந்து போகும் தூரத்தில்தான். பத்தினி என்பவள் நம் கண்ணகி; கதிர்காமத்தான் நம் முருகன். எசலப் பெரஹெராவில் இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் தலதா மாளிகையின் யானைகளைத் தொடர்ந்து செல்கின்றன. மாலைப் பூசையின் முரசொலியைக் கேட்டு வெளியே வந்தபோது, "கண்ணகிக்கு இவ்வளவு தூரத்தில் கோவிலா!" என்று நண்பர் வியந்துகொண்டே நடந்தார். பிறகு கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்கி, ஒரு சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் உண்டோம். அந்தச் சம்பலின் காரம் இன்னும் நாவை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் பேராதனை. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, நடுவில் ஏறத்தாழ நூற்று நாற்பத்தேழு ஏக்கர் பூங்கா. அங்கே எம்மைக் கவர்ந்தது பூவைவிட ஒரு வரலாறு. 1876-ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ரப்பர் விதைகளில் முளைத்த ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பேணும் பொறுப்பு பேராதனையைச் சார்ந்திருந்தது. கன்றுகளுக்கு வெப்பம் வேண்டுமென்று, கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொடையில் பெரும்பகுதியை நட்டார்கள். மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றில் சில நம் கோலகங்சாருக்கு வந்தன. நம் முன்னோர் சீவிய பால்மரத்துக்கும் இலங்கைக்கும் இப்படியொரு உறவு இருக்கிறது.

பூங்காவுக்கு அடுத்து பல்கலைக்கழகம். 1942-இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952-இல் இங்கே இடம்பெயர்ந்தது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் நாட்டுக்கூத்துக்குப் புத்துயிர் அளித்தது இங்கிருந்துதான். வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோவிலில், மாணவர்கள் தாமே பூமாலை தொடுத்து, தாமே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நம் சங்கத்து இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

நான்காம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டோம். தோட்டத்தை அடைந்தபோது நல்ல மழை. லயத்து வாசலில் நின்ற ஒரு மூதாட்டி, "உள்ளே வாங்க தம்பி, நனையாதீங்க" என்றார். வந்த காரணத்தைச் சொன்னோம். தேநீர் வந்தது, பேச்சும் வளர்ந்தது. பெரட்டு, கங்காணி, தொரை என்று நாம் சொன்ன சொற்களெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தன. நம் ஆயாக்கொட்டகை அங்கே பிள்ளைக்காம்பரா, அவ்வளவே வேறுபாடு. "மலேசியாவிலயும் நம்ம ஆளுக இருக்காங்களா!" என்று அவர் கேட்டபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது.

பெரிய பாட்டனாரை அவர் சிறுபெண்ணாக இருந்தபோது பார்த்திருக்கிறார். "காமன்கூத்துல ரதி வேசம் அவருதான் கட்டுவாரு. சீலை கட்டி வந்து நின்னா, பொம்பளையே தோத்துப்போவா" என்றார். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளைங்க எங்கே பாட்டி?" என்று கேட்டதும் மூதாட்டியின் குரல் தாழ்ந்தது. எழுபதுகளில் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டதாம். தலைமன்னாருக்குப் போன அந்த வண்டியை அழுகைக் கோச்சி என்பார்களாம். போகிறவர்களும் அழுவார்கள், நிற்பவர்களும் அழுவார்கள். கோத்தகிரிப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. சிரித்த நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோழர்களே, இதன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும். காப்பித் தோட்டத்துக்கும் பின்பு தேயிலைக்கும் காடழித்த மக்களின் மக்கள், கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கையாகிப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு முழுத் தீர்வாகச் சட்டம் வந்தது 2003-இல்தான். நம் நாட்டிலும், 1960களின் இறுதியில் வேலை அனுமதிச் சீட்டு வந்தபோது, குடியுரிமை இல்லாத குற்றத்துக்காகக் கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. இங்கே அமர்ந்துள்ள பெரியவர்களுக்கு இது தெரியும்.

கடைசி நாள் மாலை ஏரிக்கரையைச் சுற்றி வந்தோம். நண்பர் நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, "கடிதம் ஒன்று இருந்ததால் இவ்வளவு தூரம் வந்தோம். அதுவும் இல்லாதவன் எங்கே போய்த் தேடுவான்?" என்றார். ஊர் திரும்பியதும் கோத்தகிரிப் பக்கம் உள்ளவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினார். இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

நண்பர் கேட்ட கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். நம் சங்கத்தில் ஓர் ஏடு திறப்போம். ஒவ்வொரு இளைஞரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் பிறந்த ஊர், முன்னோர் வந்த கப்பல், வேலை செய்த தோட்டம், பிரிந்து போன உறவினர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதட்டும். பெரியவர்களும் "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று தட்டிக்கழிக்காமல் சொல்லி உதவ வேண்டும். சம்பளம் சேர்த்துச் சுற்றுலாப் போகும் இளைஞர்கள் நல்ல நண்பரோடு போகட்டும். போகும்போது இந்த ஏட்டின் ஒரு பக்கத்தையும் எடுத்துச் செல்லட்டும்.