படத்து நிலமும் காலடி நிலமும்

ஒரே காட்டை நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகத்தான் தெரியும். ஆடு மேய்க்கிறவருக்கு அது மேய்ச்சல். விலைக்குக் கேட்கிறவருக்கு ரோட்டு முகப்பு. சர்வேயருக்கு நாலு கல். உங்களுக்கோ எந்த மூலை மழைக்குச் சேறாகும், எந்த மேட்டில் பயிர் முதலில் வாடும் என்பதுவரை அத்துப்படி.

இப்போது உங்கள் புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி. படத்தை விரித்துப் பாருங்கள். கல்லுக்குக் கல் அளவு இருக்கும். மேடு பள்ளம் இருக்காது, உவர் இருக்காது. அந்த அளவும் மட்டமாக எடுத்த அளவு. 10 அடிக்கு 1 அடி சாய்ந்த நிலத்தில், தரையோடு கயிறு பிடித்தால் 100 அடிக்கு அரை அடி கூடவே வரும். கல் நகர்ந்துபோச்சு என்று பங்காளியோடு மல்லுக்கு நிற்குமுன் இதை யோசியுங்கள்.

படத்தில் மேலே இருப்பது வடக்கு. நம் பெரியவர்கள் மேற்கை 'மேல்' என்றும் கிழக்கைக் 'கீழ்' என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டுச் சமவெளி பெரும்பாலும் கிழக்கே சாய்கிறது அல்லவா? அது தண்ணீரைப் பார்த்து வைத்த பேச்சு.

சரி, நம் கண் மட்டும் போதுமா? போதாது. பத்து வருஷம் தண்ணீர் வராத ஓடையை இரண்டு பக்கமும் உழுது, கடைசியில் மேலேயே விதைத்துவிடுகிறோம். நமக்கு மறந்துபோகிறது. படம் மறப்பதில்லை, ஓடைப் புறம்போக்கு என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரும் மறப்பதில்லை. ஒரு நல்ல மழையில் பழைய வழியைத் தேடி வரும். அடைத்திருந்தால் பக்கத்துக்காரர் பயிர் மூழ்கும். அப்புறம் உங்கள் பயிரும் தப்பாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். புலப்படத்தை இணையத்தில் எடுக்கலாம். தாலுகா அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். கிராமப் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கனமழை பெய்த மறுநாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றுங்கள். தண்ணீர் நுழையும் இடம், தேங்கும் இடம், வெளியேறும் இடம், உவர்த்திட்டு, கிணறு எல்லாவற்றையும் பென்சிலால் குறியுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள்.

மண் பரிசோதனைக்கும் இந்தப் படம் உதவும். ஒரே சர்வே நம்பர்தானே என்று எல்லா மண்ணையும் கலக்காதீர்கள். மேட்டு மண் தனி, பள்ளத்து மண் தனி, உவர் மண் தனி.

வரப்பு மாற்றுமுன், கிணறு வெட்டுமுன், நிலம் வாங்குமுன் படத்தையும் பாருங்கள், நிலத்தையும் நடந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் வழக்கும் நஷ்டமும் முளைக்கும். அந்த இடத்தில் நின்று விசாரியுங்கள்.