டிஃபரன்ஷியலுக்கு எந்த ஆயில்? லேபிளைப் பார்த்து ஊற்றுங்க!



லாரி ஓட்டுபவர்கள் இஞ்சின் ஆயிலைத் தவறாமல் பார்க்கிறார்கள். பின் ஆக்சிலில் இருக்கிற டிஃபரன்ஷியல் பலருக்கும் சத்தம் வந்த பிறகுதான் நினைவுக்கு வருது. ஆயில் குறைந்திருந்தால், "கியர் ஆயில்தானே, எதுவா இருந்தா என்ன?" என்று கிடைத்ததை ஊற்றிவிடுகிறார்கள். செலவு அங்கேதான் ஆரம்பிக்குது.

கியர் ஆயில் டப்பாவில் இரண்டு விவரங்கள் இருக்கும். 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்பது ஆயிலின் தடிமன். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பது அழுத்தம் தாங்கும் தரம். இரண்டையுமே பார்க்கணும்.

டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தேய்ந்துகொண்டே சுற்றும். லோடோடு மேடு ஏறும்போது வெறும் எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் நிற்காது. அதற்காகவே ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சார்ந்த வேதிப்பொருட்கள் கூடுதலாக இருக்கும். அதோடு ஜிஎல்-4 ஆயிலைக் கலந்தால் அந்தப் பாதுகாப்பு நீர்த்துப்போகும். பற்கள் சீக்கிரம் தேயும்.

அப்போ எல்லாவற்றுக்கும் ஜிஎல்-5 ஊற்றிடலாமா? கூடாது. கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோனைசர் இருந்தால், சில ஜிஎல்-5 ஆயில்கள் அதை அரித்துவிடும். கியர்பாக்ஸுக்கு எது, டிஃபரன்ஷியலுக்கு எது என்று வண்டியின் கையேட்டில் தனித்தனியாகப் போட்டிருக்கும். அதுதான் கணக்கு.

நடுவழியில் ஆயில் குறைந்துவிட்டது, அதே கம்பெனி ஆயில் கிடைக்கவில்லை. என்ன செய்வது? ஆயில் இல்லாமல் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. அதே தடிமன், அதே ஜிஎல் தரம் உள்ள வேறு கம்பெனி ஆயிலை ஊற்றி, மெதுவாக ஊர் வந்து சேருங்கள். வந்ததும் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம்: ஆயில் ஏன் குறைந்தது? ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் அடைத்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும். சக்கரப் பக்கம் கசிந்தால் பிரேக் லைனரில் ஆயில் படும், பிரேக் பிடிக்காது. அது உங்கள் உயிர் மட்டுமல்ல, எதிரே பைக்கில் வருபவரின் உயிரும்தான். அதனால் டாப்-அப் செய்ததோடு விடாமல், கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். அது அபாயகரமான கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்படி ஒப்படைப்பதே முறை.

கடைசியாக ஒன்று. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் இப்போ ஃபோனில்தானே வைத்திருக்கிறீர்கள்? அடுத்த முறை ஆயில் மாற்றும்போது டப்பா லேபிளையும் கிலோமீட்டர் மீட்டரையும் ஒரு போட்டோ எடுத்து அதோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் வண்டி நின்றாலும் மெக்கானிக்கிடம் காட்டலாம்.

பாதுகாப்பாகப் போய் வாருங்கள்.