பாதிக்கப்பட்டோர் நிதியும் பொதுமக்கள் ஆலோசனையும்

அவையோரில் பலர் இவ்வுரை எடுக்கும் வினாவை முந்தைய கருத்தரங்குகளிலேயே கேட்டுச் சலித்தவர்கள் என்பதால் முன்னுரை நீள வேண்டியதில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் இழப்பீடு, மருத்துவம், மனநல ஆலோசனை, தங்குமிடம், சட்ட உதவி ஆகியவற்றுக்கென அரசு ஒதுக்கும் பணத்தைப் பங்கிடுவதில் பொதுமக்கள் கருத்துக்கு இடமுண்டா என்பதே அது. சட்டத்துக்காக மக்களைக் கேட்கலாம், பணமோ அலுவலர்க்கும் வல்லுநர்க்கும் உரியது, கேட்டால் அன்றைய கொதிப்பே பங்கீட்டை முடிவு செய்துவிடும் என்பது குற்றவியல் துறையினர் பலர் விடாது பற்றியிருக்கும் கொள்கை. அதற்குச் சான்று காட்டப்பட்டதில்லை. எதிர்ச்சான்று கண்முன்னே இருக்கிறது.

2012 டிசம்பர் 16 தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமையை அடுத்து, அம்மாதம் 23 அன்று நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் நீதிபதி லீலா சேத், மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்பிரமணியம் அடங்கிய குழு, குற்றவியல் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைந்தது. மறுநாளே பொது அறிவிப்பு வெளியாகி, ஜனவரி 5 வரை கெடு விதிக்கப்பட்டு, அக்குறுகிய காலத்தில் ஏறத்தாழ 80,000 கருத்துகள் குவிந்தன. தெருவெங்கும் தூக்குக்கயிறு கோரிய முழக்கம் எழுந்திருந்த அவ்வேளையில், அத்தனை கருத்துகளையும் பெற்ற குழு, 2013 ஜனவரி 23 அன்று அளித்த அறிக்கையில் பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. சில வகைக் குற்றங்களுக்கு அத்தண்டனை நுழைந்தது, அறிக்கைக்குப் பின் பிப்ரவரி 3 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தில்தான். ஆக, கொதிப்பு புகுந்த வாயில் கருத்துக்கேட்பு அன்று, அமைச்சரவை. மக்களைக் கேட்கலாகாது என்னும் கொள்கையினர் இதை எதிர்கொள்ள வேண்டும்.

அதே பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் வரவுசெலவுத் திட்டத்தில் ரூ.1,000 கோடியில், அக்கொடுமைக்குள்ளான பெண்ணுக்கு இடப்பட்ட பெயரால், நிர்பயா நிதியை அறிவித்தார். செலவாகாத தொகை ஆண்டிறுதியில் காலாவதியாகாத, அதாவது அடுத்த ஆண்டுக்கும் நிற்கும், நிதி இது. குற்றவியல் சட்டத்துக்காக 80,000 குரல்களைக் கேட்ட அரசு, இப்பணத்துக்காக அப்படியோர் அறிவிப்பை வெளியிடாமல், திட்டங்களை ஆராயும் பொறுப்பை அலுவலர்களின் அதிகாரமளிக்கப்பட்ட குழுவிடம் விட்டது. விளைவு அறிந்ததே. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கும் பணம் போயிற்று. ரயில் நிலையக் கேமராக்களுக்கும், சென்னை உள்ளிட்ட 8 நகரங்களின் பாதுகாப்பு நகரத் திட்டத்துக்கும் போயிற்று. கேமரா குற்றத்தைத் தடுக்கக்கூடும், வழக்குக்கு உதவவும் கூடும். பாதிக்கப்பட்டவளுக்கு அது சேவையாகுமா என்று அவளையே கேட்டிருக்கலாம். வல்லுநர் பங்கீடு கொதிப்பற்றது என்போர் இப்பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நன்று.

பங்கீட்டில் மக்களைக் கேட்க வேண்டிய தேவையை அமெரிக்க முறையும் காட்டுகிறது. அங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கூட்டாட்சிக் குற்றவாளிகளின் அபராதத்திலிருந்து திரளும் நிதியில் பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை, இதுவரை போதிய உதவி எட்டாதோர் ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் மாநிலங்கள் தலா 10 விழுக்காடேனும் ஒதுக்கும் முறை உள்ளது. நான்காம் பிரிவினர் யாவர் என்பது மக்களைக் கேளாமல் தெளிவுறாது.

இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு, இழப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பொறுப்பை மாநிலத்துக்கும் தொகையை முடிவு செய்வதை மாவட்ட, மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்கும் அளிக்கிறது. பொதுமக்கள் கருத்துக்கு அப்பிரிவில் வழியில்லை. ஆனால் அதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை: பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, நிவாரணத்தையும் மறுவாழ்வையும் ஆராய, அலுவலர் அல்லாதோரும் இடம்பெறும் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவை ஏற்கெனவே அமைத்துள்ளன. அலுவலர் அல்லாதோரின் குரல் அங்கு என்ன செய்தது என்று அறிய, அக்குழுக்களின் கூட்டக் குறிப்புகளை மாவட்டந்தோறும் பெற்றுப் படிக்கும் ஆய்வு முதலில் நடைபெற வேண்டும்.